ஜன்னலோரப் பெரியப்பா

கேட்டுவிட வேண்டும். உட்கார்ந்த உடனே கேட்டுவிட வேண்டும். கேட்டால் வேலை போய்விடும். வேலையே இன்னும் கிடைக்கவில்லையே, அது எப்படிப் போகும்? போகும். கையில் இல்லாததுதான் எனக்கு எப்போதும் முதலில் போகும். சரி, கேட்க வேண்டாம். சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு என்ன செய்வது?

இப்படித் தன்னோடு தானே வழக்காடிக்கொண்டு, ஆஸ்பத்திரி வரவேற்பறையின் நாற்காலி நுனியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நர்ஸிங் படித்து முடித்த கையோடு வேலை தேடக் கிளம்பியவள். போன இடத்திலெல்லாம் “அனுபவம் இருக்கா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும், “அனுபவம் வந்ததும் வாங்க” என்றார்கள். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்த ஆஸ்பத்திரிதான் விளம்பரத்திலேயே ‘அனுபவம் தேவையில்லை, அன்பு போதும்’ என்று போட்டிருந்தது. அதைப் படித்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன், “அன்பு போதும்னு சொல்றவன் வேற எதையோ குடுக்கமாட்டான்னு அர்த்தம்” என்றான். அவளுக்குக் கண்ணும் கலங்கவில்லை, சிரிப்பும் வரவில்லை. பயம்தான் வந்தது.

பயம் மற்றவர்களுக்கு வயிற்றில் வருமாம். அவளுக்கு விரல் நுனிகளில் வரும். யாரோ ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல ஒவ்வொரு விரலாகச் சில்லிட்டுப்போகும். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்கு அடியில் அவளிடம் இன்னொரு பயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வேலை கிடைத்து, ஒருநாள், யாருக்கோ போட வேண்டிய ஊசியை வேறு யாருக்கோ போட்டுவிட்டால்? கண்ணை மூடினால் அந்த ஆள் வந்துவிடுவார். முகம் தெரியாது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அவளை முழுதாக நம்பி, புஜத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள். அவளுக்கு வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. நேற்று போனில் அவள்தான் தூபம் போட்டாள்.

“அவங்க மட்டும் உன்னைப் பாக்கலைடி, நீயும் அவங்களைப் பாக்கணும். கட்டடத்தைப் பாத்து மயங்காத. ஒரே ஒரு கேள்வி கேளு. ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்? நம்பரைச் சொன்னாங்கன்னா உக்காரு. நம்பரைத் தவிர வேற எதைச் சொன்னாலும் செருப்பை மாட்டிக்கிட்டு வந்துடு.”

“கேட்டா கோவிச்சுக்குவாங்களே?”

“கோவிச்சுக்கிட்டா அதுவும் பதில்தான்டி, பயந்தாங்கொள்ளி.”

வேலை கிடைத்தவர்களுக்குத் தைரியம் இலவச இணைப்பாக வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எதிர்ச்சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது: ‘இங்கே ஊழியர்கள் இல்லை. உறவுகளே உண்டு.’ அதில் முதல் வாக்கியம் அப்பட்டமான உண்மை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

“உள்ள போம்மா, மாமா கூப்பிடுறாரு,” என்றாள் வரவேற்பு மேஜைக்காரி.

“யாரோட மாமா?”

“உன் மாமாதான்.”

அவளுக்கு ஒரே ஒரு மாமா. வெளியூரில் மரக்கடை வைத்திருக்கிறார். அவர் எப்படி இங்கே வந்தார், வந்தவர் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று குழம்பியபடியே கதவைத் தள்ளினாள்.

உள்ளே டை கட்டிய ஓர் இளைஞர் இருந்தார். அண்ணனைவிடச் சின்னவராகத்தான் இருப்பார்.

“வெளியில என்னை மனிதவள மேலாளர்னு சொல்லுவாங்க. இங்க நான் மாமா. எங்க, ஒரு தடவை கூப்பிடு.”

“மா… மா.”

“கொஞ்சம் இழுக்குது. பரவாயில்ல, போகப்போக வந்துடும். பாரும்மா, மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் வேலை பாப்பாங்க. இங்க யாரும் வேலை பாக்கிறது கிடையாது.” சொன்னது எப்படிக் கேட்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. “வேலைங்கிறது வெளியாளு பாக்கிறது. வீட்ல செய்றதை வேலைன்னு சொல்லுவமா? மணி பாத்தா செய்றோம்? உங்கம்மா என்னிக்காவது லீவு போட்டிருக்காங்களா?”

“இல்ல.”

“இடைவேளை வேணும்னு கேட்டிருக்காங்களா?”

“இல்ல.”

“சந்தோஷமாத்தானே இருக்காங்க?”

சமையலறைக் கதவில் முதுகைச் சாய்த்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, யாரும் கேட்கவில்லை என்று நினைத்து, “ஒருநாளாவது எங்கயாவது தொலைஞ்சு போயிடணும்” என்று அம்மா முணுமுணுத்தது அவளுக்கு நினைவு வந்தது.

“ஆமா,” என்றாள்.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சுவரில் மரம்போல மாட்டியிருந்த படங்களைக் காட்டினார். உச்சியில் தலைமை மருத்துவர். அவர்தான் அப்பா. பணம் கட்டும் இடத்தில் உட்காருபவர் அவருடைய மனைவி. அவர்தான் அம்மா. “அம்மா கையில பணம் குடுக்கும்போது யாராவது பேரம் பேசுவாங்களா? ஒருத்தரும் வாய் திறந்ததில்ல,” என்றார் பெருமையாக. நர்ஸுகளுக்குத் தலைவி பெரியம்மா. வாசலில் நிற்கும் காவலாளி சித்தப்பா. வரவேற்பு மேஜைக்காரி அத்தை. நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாக, ஆணியோடு இருந்தது.

“அது தாத்தா. இந்த ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சவரே அவருதான். சின்ன மனஸ்தாபம். இப்ப எதிர்த்தாப்ல இருக்கிற ஆஸ்பத்திரியில இருக்காரு.”

“அங்க அவரை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“டைரக்டர்னு.” மாமா உச்சுக்கொட்டினார். “பாசமே இல்லாத இடம்.”

கேட்டுவிடு, கேட்டுவிடு என்று ரேடியோவின் குரல் காதுக்குள் இரைந்தது. அவள் விரல்களை மடியில் கோத்துக்கொண்டாள்.

“ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட் வருவாங்க… மாமா?”

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. வருத்தமாக.

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாருமில்ல.”

“ஒரு தாய்கிட்டப் போயி, உனக்கு எத்தனை பிள்ளைன்னு கேப்பியா?”

“கேட்டா சொல்லுவாங்களே. எங்கம்மாவுக்கு ரெண்டு.”

“பாத்தியா, எண்ணிட்ட. எண்ண ஆரம்பிச்சா அங்கயே பாசம் முடிஞ்சுது. இந்தக் கேள்வியக் கேட்டுட்டுப் போனவங்கல்லாம் இருக்காங்க. போன மாசம்கூட ரெண்டு பேரு ஓடிப்போயிட்டாங்க. தலைமுழுகிட்டோம்.” மேஜைமேல் குனிந்து குரலைத் தணித்தார். “உனக்குப் பயமா இருக்கு, இல்ல?”

“கொஞ்சம்.”

“குடும்பத்துக்குள்ள யாராவது பயப்படுவாங்களா?”

பெரும்பாலானவர்கள் பயப்படுவதே அங்கேதான். ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

“சரி, வார்டுல போய் இரு. அப்பா ரவுண்ட்ஸ் வருவாரு. அவரு கண்ணு முன்னாடி ஒரே ஒரு ஊசி. அவ்வளவுதான் உனக்குப் பரீட்சை. முதல் ஊசி நல்லாப் போட்டுட்டா நீ நம்ம வீட்டுப் பொண்ணு.”

சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சில்லிட்டது.

மாடிப்படி வாசலில் ஒரு பெண்மணி பிளாஸ்க்கோடு நின்று, காவலாளிச் சித்தப்பாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

“எங்க அப்பாங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“உள்ளயே குடும்பம் இருக்கும்மா. அதுக்கு மேல வெளிக்குடும்பம் வேற வந்தா பேஷண்ட் குழம்பிப்போறாங்க.”

“அவரு பெத்த மகங்க!”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க.”

வார்டு நீளமாக இருந்தது. இரு சுவரோரமும் கட்டில்கள், போதாததற்கு நடுவழியிலும் கட்டில்கள். தலைமாட்டில் அழைப்பு விளக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பாக எரிந்தன. “அக்கா! அக்கா!” என்று நாலா பக்கமும் குரல். ஒரு திரைக்குப் பின்னால் நர்ஸ் ஒருத்தி நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். திருடித் தின்பவளைப்போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“யாரு, புதுசா?” என்றாள் வாய் நிறைய. “நான் சின்னக்கா.”

“பெரியக்கா எங்க?”

“நான்தான்.”

“நடுவக்கான்னு…”

“அதுவும் நான்தான். அவங்க ரெண்டு பேரும் ஓடிப்போயிட்டாங்கல்ல. பட்டம் மட்டும் எனக்கு வந்துடுச்சு.”

மாமாவிடம் கேட்ட கேள்விக்கு, இங்கே கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போகவேண்டிய இடம் இதுதான். ஆனால் படியிறங்கினால் மறுபடியும் “அனுபவம் வந்ததும் வாங்க”. வீட்டுக்குப் போனால் அம்மா எதுவும் கேட்கமாட்டாள். அந்த எதுவும் கேட்காத முகத்தைத்தான் அவளால் தாங்க முடியாது. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும். இப்படி நினைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரரின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சித்தப்பா’ என்று அச்சடித்திருந்தது. அடுத்தவர் கையில் ‘பெரியம்மா’. அதற்கடுத்தவர் ‘பெரியப்பா’.

“பேரு எங்க?”

“பேரு போட்டா ஜெயிலு மாதிரி இருக்காம். உறவு போட்டா நோய் சீக்கிரம் குணமாகுமாம்.” சின்னக்கா பிஸ்கட் துகளைத் தட்டினாள். “இந்த வார்டுல மூணு பெரியப்பா. கதவோரப் பெரியப்பா, குழாயடிப் பெரியப்பா, ஜன்னலோரப் பெரியப்பா. ஜன்னலோரத்துக்குத்தான் சக்கரை. சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின். மத்த ரெண்டு பேருக்கும் அது கிடையாது.”

“கட்டிலை மாத்திட்டா?”

சின்னக்காவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

“அதுக்குத்தான் நானா ஒண்ணு வச்சிருக்கேன். சக்கரைக்காரரு பஸ் டிரைவரா இருந்தவரு. கதவோரம் கடிகார ரிப்பேர்காரர். குழாயடி வாத்தியாரு, தூக்கத்துலகூட யாரையாவது பெஞ்சு மேல ஏறி நிக்கச் சொல்லுவாரு. பேரைக் கேட்டாத்தான் பெரியம்மா கத்துவாங்க. தொழிலைக் கேட்டா அக்கறையா விசாரிக்கிறான்னு விட்டுடுவாங்க.”

“பேரைக் கேக்காம ஊசி போடக் கூடாதுன்னு முதல் வருஷமே…”

“நானும் படிச்சவதான்டி. ‘உன் பெரியப்பாகிட்டப் போயி உங்க பேர் என்னன்னு கேப்பியா’ன்னு பெரியம்மா கேட்டாங்க. எனக்குப் பதில் வரல.” சின்னக்கா பிஸ்கட் பொட்டலத்தை மடித்துப் பையில் செருகினாள். “நிஜமாவே எங்க பெரியப்பா பேரு எனக்குத் தெரியாது.”

“நீங்க ஏன் இன்னும் இங்க இருக்கீங்க?”

“அனுபவச் சான்றிதழ் கேட்டேன். ஓடிப்போறவளுக்கு எந்த வீட்டுல சான்றிதழ் குடுத்து அனுப்புவாங்கன்னு மாமா கேக்கிறாரு.”

அப்போது மணி அடித்தது. நோயாளிகளின் மணி அல்ல, அது எப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. இது பாச வேளைக்கான மணி. ஊசி, மருந்து, கழிப்பறைப் பாத்திரம் எல்லாவற்றையும் அப்படி அப்படியே வைத்துவிட்டு ஊழியர்கள் வார்டு நடுவில் வட்டமாகக் கைகோத்து நிற்க வேண்டும். சின்னக்கா மட்டும் வாந்தி எடுத்த ஒருவருக்காகக் கோடியில் மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பாசத்தில் ஏற்கெனவே நல்ல பேர் கிடையாதாம்.

பெரியம்மா வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைப் புடவை. வந்ததும் புதியவளின் கையைப் பற்றிக்கொண்டார். இன்னொரு கையைத் துப்புரவு செய்யும் அம்மாள் பற்றிக்கொண்டாள். அந்த அம்மாளின் கை ஈரமாக இருந்தது.

“நாம யாரு?” என்றார் பெரியம்மா.

“ஒரே குடும்பம்,” என்றது வட்டம். தலைமாட்டு விளக்குகள் மேலும் சில சிவந்தன.

“போன வாரம் ஒரு மருந்து மாறிப்போச்சு. வெளியில இதைத் தப்புன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுல அதை வருத்தம்னு சொல்றோம். அந்தக் கட்டில் அத்தைக்கு இப்ப கை அசையுது, கடவுள் புண்ணியம். ஆனா ஒரு பொண்ணு அதை எழுதி வைக்கணும்னு சொன்னா. வீட்டு விஷயத்தை யாராவது எழுதி வைப்பாங்களா? யார் மேலயும் பழி போடாம எல்லாரும் சேந்து வருத்தப்பட்டோம். ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. இதே வேற ஆஸ்பத்திரியா இருந்தா விசாரணை, அது இதுன்னு ஒரு மாசம் இழுத்திருப்பாங்க. இப்ப சொல்லுங்க, எது நல்ல நிர்வாகம்?”

“நம்மதுதான்,” என்றது வட்டம்.

புதியவள் உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. அதட்டலுக்குப் பயப்படுவது அவளுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அதட்டினால் தலையைக் குனிந்துகொள்ளலாம். இங்கே யாரும் அதட்டவில்லை. எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். இந்தக் கனிவுக்கு எந்தப் பக்கம் குனிவது என்றுதான் தெரியவில்லை.

“இன்னிக்கு அப்பா வர்றதைப் படம் எடுக்க ஆள் வந்திருக்கு,” என்று பெரியம்மா தொடர்ந்தார். “ஜன்னல் பக்கம்தான் வெளிச்சம். அங்க படுத்திருக்கிறவருக்குச் சவரம் பண்ணல, பாக்க நல்லால்ல. கதவோரம் இருக்காரே, லட்சணமா வெள்ளைத் தாடியோட, அவரை அங்க தள்ளுங்க.”

இரண்டு பேர் போய்க் கட்டில்களின் சக்கரப் பூட்டைத் தட்டிவிட்டார்கள். கடகடவென்ற சத்தத்தோடு ஜன்னலோரம் கதவோரத்துக்கும் கதவோரம் ஜன்னலோரத்துக்கும் போயின. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேஜை நாற்காலியை இடம் மாற்றுவதுபோல. ஆனால் அவள் விரல்கள் பத்தும் விறைத்துவிட்டன. சொல், யாரிடமாவது சொல். “பெரியம்மா,” என்று ஆரம்பித்தாள்.

“பாச வேளையில பேசக் கூடாதும்மா,” என்று பெரியம்மா அவள் கையை அன்போடு நெரித்தார்.

அப்பா வந்தார். நரைத்த தலை, பஞ்சு போன்ற குரல். பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் கேமராக்காரர். “வந்துட்டியா மகளே?” என்று அப்பா கேட்டது, அவள் எங்கோ தொலைந்துபோய் இப்போதுதான் கிடைத்ததைப்போல இருந்தது. பெரியம்மா ஒரு தட்டை நீட்டினார். அதில் மருந்து ஏற்றிய சிரிஞ்சு.

“ஜன்னலோரப் பெரியப்பாவுக்கு இன்சுலின். உன் கையால,” என்றார் அப்பா.

“இதை யாரு ஏத்தினது?” என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது. இன்னொருவர் ஏற்றிய மருந்தைத் தான் போடக் கூடாது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியது. இப்போது யார் மதிப்பெண் போடுவார்கள்?

“இங்க நான் ஏத்தினேன், நீ ஏத்தினேன்னு கிடையாது,” என்றார் பெரியம்மா. “நாம ஏத்தினோம்.”

ஜன்னலோரக் கட்டிலில் வெள்ளைத் தாடிக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் உடையையும் தட்டையும் பார்த்த மாத்திரத்தில், கேட்காமலே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் புஜத்தைக் காட்டினார். இவ்வளவு நாளும் முகமில்லாமல் வந்துகொண்டிருந்தவருக்கு முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மெலிந்த, மரியாதையான முகம்.

“ஐயா, உங்க பேரு?”

பெரியம்மா பல்லைக் கடித்தது காதில் விழுந்தது. பெரியவர் முதலில் பெரியம்மாவைப் பார்த்தார், பிறகு அப்பாவை. அவருக்கும் பயம் இருந்தது.

“நான்… பெரியப்பாம்மா,” என்றார், பாடம் ஒப்பிப்பவரைப்போல.

“இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க, பெரியப்பா?”

இதற்கு அவர் யாரையும் பார்க்கவில்லை.

“கடிகாரம்,” என்றார். “கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம், எல்லாம் பாப்பேன். கண்ணு மங்கிற வரைக்கும் பாத்தேன்.”

சர்க்கரை இல்லாதவர். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவும் மாட்டார், அப்பா வந்து போன பிறகுதான் சாப்பாடு என்று வாசலிலேயே எழுதியிருந்தது. இந்த மருந்து உள்ளே போனால் முதலில் வேர்க்கும். அப்புறம் நடுங்கும். அப்புறம் நினைவு தப்பும். வட்டம் கூடி ஒரு நிமிஷம் வருத்தப்படும். அந்த வட்டத்தில் அவளும் கைகோத்து நிற்பாள்.

“இது இவருக்கு இல்லைங்க,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “கட்டிலை மாத்திட்டாங்க. சக்கரை இருக்கிறவர் அங்க கதவோரம் இருக்காரு.”

மாமா கேமராக்காரரைப் பார்த்துக் கையைக் குறுக்கே ஆட்டினார். பெரியம்மா சிரித்த முகம் மாறாமல் சொன்னார்:

“அப்பா ஜன்னலோரம்னு சொன்னாரு. கட்டிலை வேணா மறுபடி மாத்தலாம். அப்பா சொன்னதை மாத்த முடியுமா?”

“அப்ப மாத்துங்க,” என்றார் அப்பா பெருந்தன்மையாக.

மறுபடியும் கடகடவென்று கட்டில்கள் உருண்டன. ஆனால் கேமராக்காரர், சவரம் செய்யாத முகம் ஜன்னலில் வேண்டாமே என்று முனகினார். மாமா யோசித்து, கட்டில் ரெண்டையும் நடுவில் நிறுத்தி, ஜன்னலோரம் என்று ஓர் அட்டையில் எழுதி யார்மேலாவது மாட்டிவிடலாமா என்று கேட்டார். யார்மேல் என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. அப்பா, அழகாக இருப்பவர்தான் ஜன்னலோரம் என்று தீர்ப்புச் சொன்னார். பெரியம்மா தலையாட்டினார். இரண்டு பெரியப்பாக்களும் வழிமேல் நின்ற கட்டில்களில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்து, இருவருமே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

கோடியிலிருந்து சின்னக்கா வந்தாள். கைகளில் இன்னும் சோப்பு வாசனை. புதியவளின் கையிலிருந்த தட்டை வாங்கினாள், சிரிஞ்சைக் கழிவு ஊசிகளுக்கான டப்பாவில் போட்டாள், அலமாரியைத் திறந்து புது மருந்தைத் தானே ஏற்றினாள். நேராகச் சவரம் செய்யாதவரிடம் போய், “டிரைவரே, வண்டி எப்படி ஓடுது?” என்று கேட்டாள். “கிளட்ச் போயிடுச்சுக்கா,” என்றார் அவர். ஊசி இறங்கியது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவர் கிட்டே வந்து, பாராட்டுவதுபோல அவள் தலைக்கு மேலே கையை உயர்த்தினார். தொடவில்லை. கேமராவுக்குத் தெரியும்படி அப்படியே வைத்திருந்தார்.

“பயந்த பொண்ணு. பரவாயில்ல, எனக்கு இவளைப் புடிச்சிருக்கு. வேலை உனக்குத்தான் மகளே. இன்னிலேருந்தே. நடந்தது நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஊசியெல்லாம் வேணாம், ஒண்ணே ஒண்ணு செய். வாய் நிறைய ஒரு தடவை அப்பான்னு கூப்பிடு.”

கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. மாமா கட்டை விரலை உயர்த்தி உற்சாகப்படுத்தினார். வேலை. முதல் வேலை. கேட்பது மூன்றே எழுத்து, நடுவில் ஒரு புள்ளி. சொல்லிவிட்டால் அம்மா அழுதே விடுவாள், சந்தோஷத்தில். சொன்னால் யாருக்கும் ஊசி இறங்கப்போவதில்லை, ரத்தம் வரப்போவதில்லை. வெறும் சொல்தானே? ஆனால் இந்தச் சொல்லைச் சொன்னவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு இவரிடம் எதையுமே கேட்க முடியாமல் நிற்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். யார் ஏற்றியது என்று கேட்க முடியாது. யாருக்கு என்று கேட்க முடியாது. எத்தனை பேர் என்று கேட்கவே முடியாது.

கடிகாரக்காரர் இன்னும் புஜத்தைக் காட்டியபடியே இருந்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் குனிந்து, சில்லிட்ட விரல்களால் அவருடைய சட்டைக் கையை மெல்ல இறக்கி, பொத்தானைப் போட்டுவிட்டாள். நிமிர்ந்தாள். விரல்கள் சூடாகவில்லை, பயம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

“ம், சொல்லு,” என்றார் அப்பா.

அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்துக்கு வாயைத் திறந்தால் போதும். அடுத்ததற்கு உதடுகள் ஒட்ட வேண்டும். அவை ஒட்டவில்லை.

“இல்லைங்க,” என்றாள்.